கோழிமேட்டுக்கு அடியில்

தாண்டவராயன் போர் போட்ட ஊர்களைச் சொல்லச் சொன்னால் மூச்சு விடாமல் சொல்லுவார். புள்ளலூரில் ஆரம்பித்து, வாலாஜாபாத் வந்து, பாலாற்றைத் தாண்டி, உத்திரமேரூரைச் சுற்றிவிட்டு, பெருநகர் வழியாகச் செய்யாற்றங்கரையில் கொண்டுவந்து நிறுத்துவார். அவர் குழாய் இறக்கித் தண்ணீர் வராத இடமே கிடையாதாம். வராத இடங்களை அவர் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது அந்த நிலத்துக்காரனின் தலையெழுத்து.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கம்ப்ரஸர் வண்டியில் கூலிக்குப் போய், கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையில் வெடி வைத்தவர். அந்த வெடிச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிப் போனது. அப்படிச் சம்பாதித்துத்தான் தன் பேரில் ஒரு போர் வண்டி வாங்கினார், மாடி வீடு கட்டினார், தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தார். யாரும் தூக்கிவிடவில்லை. பூமிக்கு மேலே நடப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அடியில் இருப்பது நமக்குத் தெரியும் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அப்படிப் பேச அவருக்குத் தகுதி இருந்தது. இந்தப் பக்கத்தில் அவர் போட்ட போரில் தண்ணீர் குடிக்காத வாய் குறைவு.

முட்டி மடங்காமல் போனதும் வண்டி மகன் கைக்குப் போனது. மகன் ஒரு டச் போனை வாங்கிக் கொடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துச் சிரமப்பட வேண்டாம், வாயால் கேட்டால் அதுவும் வாயால் பதில் சொல்லும் என்று காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து பெரியவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனிடம் வரலாறு கேட்க ஆரம்பித்தார்.

முதலில் உத்திரமேரூரைப் பற்றிக் கேட்டார். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுச் சபைக்கு ஆள் எடுத்த கதையை அது சொன்னது. சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை, அந்தக் கல்வெட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பட்டாணி தின்றவர் அவர். சரியாகத்தான் சொன்னது. அடுத்தது புள்ளலூர். பல்லவனும் சாளுக்கியனும் மோதிய சண்டையைச் சொன்னது. அங்கே போர் போட்டபோது நிலத்துக்காரர் சொன்னதும் அதேதான். தெரிந்த இரண்டு விஷயத்தைச் சரியாகச் சொல்கிறவன் தெரியாத மூன்றாவதையும் சரியாகத்தான் சொல்லுவான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவர் வைத்திருந்த அளவுகோல் அது. போனுக்கும் அதையே வைத்தார்.

மூன்றாவதாகத்தான் கோழிமேட்டைக் கேட்டார்.

கோழிமேடு ஊருக்குக் கிழக்கே, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உழவு ஏறாத கரட்டு மேடு. நிலம் நீச்சு இல்லாமல் மற்றவர்கள் கழனியில் கூலி வேலை செய்த குடும்பங்கள் மூன்று தலைமுறையாக அங்கேதான் வீடு கட்டிக்கொண்டு இருக்கின்றன. ஏரி நிரம்பித் தண்ணீர் ஏறும் வருஷங்களில் ஊர்க் கோழிகளையெல்லாம் அந்த மேட்டில் கொண்டுபோய்க் கூடை போட்டுக் கவிழ்த்து வைப்பார்களாம். பேர் வந்தது அப்படி. யாருக்கும் வேண்டாத மேடாக இருந்தவரைக்கும் அந்தப் பேரைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

"கோயிமேடு வரலாறு சொல்லு" என்றார் தாண்டவராயன்.

போன் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு கணீரென்று ஒரு பெண் குரலில், கோயில்மேடு என்பது பழமையான கோயில் ஒன்று மண்ணுக்குள் புதைந்ததால் உண்டான மேடு என்றும், அதன் மேல் பிற்காலத்தில் குடியிருப்புகள் வந்துவிட்டன என்றும் படித்தது.

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாம் நாக்கு புரளாமல் வாய்க்கு வந்தபடி ஒன்று சொல்கிறோம், படித்தவர்கள் அதைச் சுத்தமாகச் சொல்கிறார்கள், அப்படியானால் மேட்டின் உண்மையான பேர் கோயில்மேடுதான் போலிருக்கிறது என்று அவர் மனசு கணக்குப் போட்டது. அன்று சாயங்காலமே டீக்கடையில் சொல்லிவிட்டார்.

டீக்கடையில் இருந்தவர்களில் தினகரனும் ஒருவன். தாண்டவராயனின் தங்கை மகன். மனை வாங்கி விற்கிறவன். கோழிமேட்டுக்கு மூன்று பக்கமும் அவன் வாங்கிப் போட்ட மனைகளில் கல் நட்டிருந்தது. அதோடு கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று படம் பிடித்துப் போடுகிற சேனல் ஒன்றும் வைத்திருந்தான். மறுநாள் மாமாவை வேட்டி மாற்றச் சொல்லி, மேட்டைப் பின்னால் வைத்து நிற்க வைத்துப் படம் பிடித்தான். பெரியவர் போனில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, நீதான அந்த மேட்டுல அடிபம்புக்கு போர் போட்டது? அடியில எதுனா தட்டுப்பட்டுச்சா?"

கேமராவுக்கு முன்னால் நிற்கிற மனுஷன், தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்லுவான்? "செங்கல்லு வந்துச்சு மாப்ள" என்றார் தாண்டவராயன். "இத்தாம் பெரிய செங்கல்லு. ஒடைஞ்சி ஒடைஞ்சி வந்துச்சு. இந்தக் காலத்துக் கல்லே கெடையாது அது."

வீட்டுக்கு வந்து செல்லம்மாளிடம் பெருமையாகச் சொன்னார். அவர் மனைவி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தப் போர் போட்ட அன்றைக்குச் சோறு கொண்டுவந்தது தான்தான் என்றும், அன்றைக்கு எந்தச் செங்கல்லும் வரவில்லை என்றும் சொன்னாள்.

"மண்ணைத் தோண்டிக்கினு இருந்த வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்த. போனைத் தோண்ட ஆரம்பிச்ச, பேஜாராப் பூடுச்சு" என்றாள்.

படத்தை ஊர் பார்த்தது, உத்திரமேரூர் பார்த்தது. பெரியவரை எங்கே கண்டாலும் கும்பிட்டார்கள். ஒரு கல்யாணப் பேனரில் 'வரலாற்று ஆய்வாளர்' என்று போட்டு அவர் முகத்தைப் பெரிதாக அடித்திருந்தார்கள். அவர் அந்தப் பேனரைக் கழற்றிக்கொண்டு வந்து மாடியில் மடித்து வைத்தார்.

மேட்டில் வேறு விதமாக இருந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் ரசீதில் கோயில்மேடு என்று எழுத ஆரம்பித்தான். பஸ் கண்டக்டர் அதே பேரைச் சொல்லி இறக்கிவிட்டார். ஒரு நாள் காலையில் மேட்டு உச்சியில் இருக்கும் வேப்பமரத்தில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. யார் சுற்றினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் வெளியூர் ஆட்கள் பைக்கில் வந்தார்கள். அவர்கள் வீடுகளைப் பார்க்கவில்லை, வீடுகளுக்கு அடியில் இருக்கும் தரையைப் பார்த்தார்கள். ஆண்டாளம்மாள் என்ற வயசான அம்மா துணி காயப்போட்டிருந்தாள். படத்தில் விழுகிறது, எடுத்துவிடுங்கள் என்று ஒருவன் மரியாதையாகத்தான் சொன்னான். அவள் எடுத்தாள். அப்புறம் அவன் கேட்டானாம், நீங்களெல்லாம் இங்கே எப்போது வந்தீர்கள் என்று. அந்தக் கேள்வியை அதுவரைக்கும் மேட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த அம்மா சோறு சாப்பிடவில்லை.

ஆண்டாளம்மாளின் மருமகள் ஷீபா வாலாஜாபாத்துப் பெண். தபால் வழியில் வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேராகத் தாண்டவராயன் வீட்டுக்கு வந்தாள். செல்லம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவள் நின்றுகொண்டே, அந்த வரலாறு எங்கிருந்து கிடைத்தது ஐயா என்று கேட்டாள். எந்தப் புத்தகம், எந்தக் கல்வெட்டு, எழுதினவர் யார்?

போன் சொன்னது என்றார் அவர். போன் படித்ததே தவிர எழுதவில்லை என்றாள் ஷீபா. அவர் தேடின பக்கத்தை எடுத்துக் கீழே வரைக்கும் தள்ளிக் காட்டினாள். எழுதினவர் பேர் இல்லை. தேதி இல்லை. எதைப் பார்த்து எழுதினது என்று ஒரு வரி இல்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அந்தக் கோயில்மேடு இருக்கும் மாவட்டத்தின் பேர் இருந்தது. அது இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம் போக வேண்டிய தென்கோடி மாவட்டம்.

"இது நம்ம ஊரே இல்ல ஐயா" என்றாள். "நீங்க இன்னா கேட்டீங்களோ, அதே மாதிரி இன்னொரு வாட்டி கேளுங்க."

அவர் போனை வாயருகே வைத்துச் சொன்னார். போன் எழுதிக் காட்டியது. அவர் எழுத்துக் கூட்டினார். கோ. யி. ல். அந்த 'ல்' தன் வாயிலிருந்து வரவில்லை என்று அவருக்கே தெரிந்தது. இன்னொரு தடவை, அழுத்தி, நாக்கை மடித்துச் சொல்லிப் பார்த்தார். அறுபது வருஷமாக வாழைப்பழத்தை வாயப்பயம் என்று சொன்ன நாக்கு மடங்கவில்லை. போன் மறுபடியும் கோயில் என்றே எழுதியது.

ஷீபா சிரிக்கவில்லை. அவள் விரலால் கோழிமேடு என்று சரியாக எழுதினாள். ஒன்றும் வரவில்லை.

அரசாங்கம் பழைய புத்தகங்களை ஏற்றி வைத்திருக்கும் மின் நூலகத்தில் தேடினதையும், கல்வெட்டுத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்ததையும், வெள்ளைக்காரன் காலத்து ஜில்லாப் புத்தகத்தைப் புரட்டினதையும் சொன்னாள். ஒரே சங்கதியை, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாத இரண்டு இடத்தில் பார்த்தால்தான் தன் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகச் சொல்லுவாளாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லாவற்றிலும் இருக்கிறது. இந்த மேடு எதிலும் இல்லை.

"அப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்லிட வேண்டியதுதான" என்றார் தாண்டவராயன்.

"ஒண்ணும் வரலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல ஐயா. எவனும் எழுதி வெக்கலன்னு அர்த்தம். மூணு தலைமொறையா அங்க மனுசங்க கீறாங்க, அவங்களப் பத்தி ஒரு வரி கெடையாது. இல்லாத கோயிலப் பத்தி இப்ப பக்கம் பக்கமா கீது." போனை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "நீங்க போர் போட்டப்ப நெஜமா இன்னா வந்துச்சு?"

செல்லம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவர் இரண்டு பேரையும் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார். மேலே சரளை, அதுக்குக் கீழே களிமண், அப்புறம் சுக்காங்கல், அப்புறம் கருங்கல் பாறை. பாறையில் தண்ணீர். அவ்வளவுதான்.

காந்தி ஜெயந்தி அன்றைக்குக் கிராம சபை கூடுகிறது, மேட்டைத் தோண்டிப் பார்க்க அரசுக்குத் தீர்மானம் போடப் போகிறார்கள், தோண்டுவதென்றால் வீடுகளை எடுத்தாக வேண்டும், அங்கே வந்து இதை ஒரு தடவை சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு அவள் போனாள். எல்லார் முன்னாலும் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். தாண்டவராயன் வாழ்க்கையில் செய்யாத வேலை அது ஒன்றுதான். கொஞ்ச நாளில் எல்லாம் தானே அடங்கிவிடும் என்று இருந்தார். தினகரன் வந்து பார்த்துவிட்டுப் போகும்போதெல்லாம் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார். அதற்குள் அந்தப் படத்தை வேறு சேனல்காரர்கள் எடுத்துப் போட்டார்கள். ஒருவன் செங்கல்லின் நீள அகலத்தைக்கூடச் சொன்னான்.

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. மேட்டு ஜனங்கள் கடைசி வரிசையில் நின்றார்கள். தீர்மானத்தைப் படித்ததும் தாண்டவராயன் எழுந்தார். கை தட்டினார்கள். மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

"அது கோயில் இல்லப்பா" என்றார். "கோயி. கொக்கரக்கோன்னு கூவுமே, அந்தக் கோயி." சொல்லிவிட்டு மைக்கில் ஒரு தடவை கூவியும் காட்டினார். பந்தல் முழுக்கச் சிரித்தது. கடைசி வரிசை சிரிக்கவில்லை. "போன் தப்பா எழுதிக்கிச்சு. செங்கல்லும் வரல. சொம்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டேன். களிமண்ணும் பாறையும்தான் வந்துச்சு."

சிரிப்பு அடங்கியது. தினகரன் எழுந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னிக்குச் சொன்னது."

"பொய் சொல்ற ஆளுன்னு நீயே சொல்ற. அப்பால இன்னிக்குச் சொல்றத மட்டும் எப்பிடி நம்பறது?" என்றவன் தன் போனைத் தூக்கிக் காட்டினான். "போவட்டும். உன்ன நம்பியா நாங்க கீறோம்? நீ ஒரு பேச்சுக்குச் சொன்ன. நாங்க ஆதாரத்தோட பேசறோம்."

உலகமே பார்க்கும், யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கும் ஒரு இணையத் தளத்தில் உத்திரமேரூர் வட்டத்துக் கோயில்மேடு என்று தனிப் பக்கமே வந்திருந்தது. அதை அவன் வரி விடாமல் படித்தான். பழங்காலச் செங்கற்கள் கிடைத்துள்ளன என்று அதில் இருந்தது. கீழே ஆதாரம் என்று என்ன போட்டிருக்கிறது, அதையும் படியுங்கள் என்று கடைசி வரிசையிலிருந்து ஷீபா கேட்டாள். அவன் படித்தான். ஊர்ப் பெரியவர் தாண்டவராயன் பேட்டி என்று இருந்தது.

அந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று தாண்டவராயன் நினைத்தார். யாருக்கும் அது உறைக்கவில்லை. போட்டிருக்கிறதே, பேரோடு போட்டிருக்கிறதே என்றுதான் முன்வரிசை தலையாட்டியது. அந்தப் பேருக்கு உரியவர் அவர்கள் முன்னால் மைக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்றியே மாமா" என்றான் தினகரன், நியாயம் பேசுகிற குரலில். "தோண்டிப் பாத்துட்டா முடிஞ்சிது. இல்லன்னா அவங்கவங்க வூட்டுக்குத் திரும்பப் போறாங்க. ஒண்ணும் இல்லாத எடத்தத் தோண்டறதுக்கு இன்னா பயம்?"

ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது அந்தப் பேச்சு. கைகள் உயர்ந்தன. நடு வரிசையில், அவரிடம் போர் போட்டவர்களும் உயர்த்தினார்கள். மைக்கை யாரோ அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்கச் சபை கூடிய மண் இது என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். அன்றைக்கு அவரை ஒருவரும் வீடு வரைக்கும் கொண்டுபோய் விடவில்லை.

தீர்மானத்துக்கு மேலிடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அதற்குள் ஒரு விடியலில் மேட்டைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் கோடு விழுந்திருந்தது. கோடு ஆண்டாளம்மாளின் சமையல் கட்டுக்கு நடுவில் போனது. முள்செடி வெட்ட மட்டும்தான் வண்டி வரும் என்று தினகரன் ஆள் விட்டுச் சொன்னான்.

செய்தி கேட்டதும் தாண்டவராயன் சட்டையை மாட்டினார். செல்லம்மாள் கைத்தடியை எடுத்துக் கொடுத்தாள். ஏரிக்கரை வழியாக நடந்தே போனார். அந்த மேட்டில் அவர் கால் வைத்து வருஷக் கணக்காகியிருந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும்போது, மிதித்தால் அழிந்துவிடுமோ என்று ஒரு கணம் தயங்கினார். அப்புறம் மிதித்தே போனார். சுண்ணாம்பு செருப்பில் ஒட்டியது.

அடிபம்புக்குப் பக்கத்தில் ஷீபா போனைச் செங்கல் அடுக்கின் மேல் நிமிர்த்தி வைத்துப் படம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேட்டில் இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராக எதிரே வந்து உட்கார்ந்து பேசினார்கள். பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்தக் கழனியில் வேலை, இந்த மேட்டுக்கு யார் முதலில் வந்தது, அதை உங்களுக்குச் சொன்னது யார், நீங்களே பார்த்ததா, கேட்டதா. ஆண்டாளம்மாள் பேசி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தாண்டவராயனைக் கண்டதும் எல்லாரும் திரும்பினார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தார். யாரும் திட்டவில்லை. வழி விட்டார்கள், அவ்வளவுதான். அது திட்டினதைவிட மோசமாக இருந்தது.

"என்னதையும் புடிச்சிக்க பொண்ணே" என்றார்.

ஷீபா அவர் முகத்தைப் பார்த்தாள். எதிரே உட்காரச் சொன்னாள். முட்டி மடங்காமல் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். தாண்டவராயன், போர் வண்டி வைத்திருந்தவன், இந்த பம்புக்குக் குழாய் இறக்கினவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். வேறு பட்டம் எதுவும் சொல்லவில்லை.

எந்த வருஷம் என்று அவள் கேட்டாள். வாய் பழக்கத்தில் ஒரு வருஷத்தைச் சொல்லப் போனது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நெனவு இருந்தா சொல்லுங்க ஐயா. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அதுவும் பதிவுல இருக்கணும்."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "தெரியல" என்றார். "ஏரி ஒடைஞ்சிதே, அதுக்கு அடுத்த கோடை. வருசம் தெரியல."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஏரிக்கரைத் திருப்பத்தில் ஏதோ ஒரு வண்டி கியரை இறக்கி மேடு ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் வண்டிச் சத்தம். தன் ஒரு காதை வைத்துக்கொண்டே அவருக்குத் தெரிந்துவிட்டது, முள் வெட்டுகிற வண்டி இல்லை அது. மண் தோண்டுகிற பெரிய வாளி மாட்டின வண்டி. பிள்ளைகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து பார்த்தார்கள். ஆண்டாளம்மாள் உள்ளே போய்த் துணிகளைக் கொடியிலிருந்து உருவ ஆரம்பித்தாள்.

தாண்டவராயன் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். ஷீபா அவர் தோளில் கை வைத்தாள். இன்னொரு கையால் போனை அந்தத் திருப்பத்தின் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

"நிறுத்தாதீங்க ஐயா" என்றாள். "அந்தச் சத்தமும் இதுல விழட்டும். மேல இன்னா இருந்துச்சு? அங்கேருந்து சொல்லுங்க."

"மேல சரளை" என்றார் அவர், வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி. "அதுக்குக் கீழ களிமண்ணு. நல்ல கருப்புக் களிமண்ணு..."